ராணிக்குக் கொடுத்த மருந்து

மார்ச் 3

அன்புள்ள சித்திக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "சுகத்துக்கு என்ன குறைச்சல்" என்று ஆரம்பித்து முழங்கால் வலி வரைக்கும் எழுதுவாய். எழுது. முழங்காலையும் சேர்த்தே கேட்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று புருவத்தைத் தூக்காதே. போனில் நீ பாதி சொல்வதற்குள் அப்பா பிடுங்கி "அங்க மழையா?" என்பார். எனக்கு வேண்டியது உன் முழு வாய். உறைக்குள் பஞ்சில் சுற்றி ஒரு மெமரி கார்டு இருக்கிறது. அதில் இருப்பது நானும் என் கூட்டாளி தாடியும் இரண்டு வருஷமாக இந்தச் சாவிக்கடை மாடியில் உட்கார்ந்து செய்த வீடியோ ஆட்டம். பெயர் 'வீரன் தேவையில்லை'. படம் எல்லாம் தாடி வரைந்தது, கட்டம் கட்டமாக, பழைய காலத்து ஆட்டம் மாதிரி. கதையும் பேச்சும் நான்.

வெளியே விடுமுன் யாராவது விளையாடித் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். தாடி தன் நண்பர்களைச் சொன்னான். நான் உன்னைச் சொன்னேன். அப்பா உன்னைக் கட்டிக்கொண்டு வந்த அன்று எனக்கு ஏழு வயசு. அம்மா போய் ஒன்றரை வருஷம். வந்தவர்கள் எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். நீ மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து என் கையிலிருந்த வீடியோ ஆட்டப் பெட்டியை எட்டிப் பார்த்து, அதில் ஓடும் வீரனைக் காட்டி, "இவன் ஏன் எல்லார் வீட்டுப் பானையையும் உடைக்கிறான்? யாரும் கேக்க மாட்டாங்களா?" என்றாய். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்த ஆட்டமே அந்தக் கேள்விக்குப் பதில்தான் என்று வைத்துக்கொள்.

உன் டிரைவிங் ஸ்கூல் பிள்ளைகளைத் திட்டுகிற மாதிரியே திட்டு. தயவு தாட்சண்யம் வேண்டாம்.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எழுதும்,
உன் வாலு


மார்ச் 22

அன்புள்ள வாலுக்கு,

சுகத்துக்கு என்ன குறைச்சல். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அப்பா ரிப்பேருக்கு வந்த நாலு பிரிட்ஜைப் பிரித்துப்போட்டு மூன்றைத்தான் மறுபடி மாட்டியிருக்கிறார். ஆக எல்லாம் வழக்கம்போல.

ஆட்டத்தை ஆரம்பித்தோம். முதலில் உன் அப்பா. வீரனுக்குத் தன் பெயரையே வைத்தார். ஊர் எல்லையில் ஒரு பச்சைக் கூழ் வந்து மேலே விழுந்ததும் செத்துப்போனார். மறுபடியும் போனார், மறுபடியும் கூழ். "இது சரியா வடிவமைக்கல" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது நான்தான் ஓட்டுகிறேன்.

உன் வீரனிடம் எனக்குச் சில புகார்கள். திரும்பும்போது பின்னால் பார்ப்பதே இல்லை. குதிரைவண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு மரத்தோடு பேசுகிறான். என் வண்டியில் இருந்தால் இன்னொரு மாசம் மைதானத்தையே சுற்ற விட்டிருப்பேன். அவன் சுவரை நோக்கிப் போகும்போதெல்லாம் என் கால் தரையை மிதிக்கிறது, இல்லாத பிரேக்கை. கீழ்வீட்டுக்காரர் வந்து என்ன சத்தம் என்று கேட்டார்.

ஆனால் சிரித்தேன். அலமாரிக்குள் ஒளிந்திருக்கிற இளவரசன், "வெளிய குதிரை இருக்கா? இருந்தா நான் வரல" என்கிறானே, அங்கே வாய்விட்டுச் சிரித்தேன். பானையை உடைத்தால் வீட்டுக்காரம்மா துடைப்பத்தோடு ஊர் முழுக்கத் துரத்துகிறாள். நான் வேண்டுமென்றே மூன்று பானை உடைத்தேன்.

ஒரு தப்பு: பாலத்தில் ஓநாய் வாட்ச்மேனிடம் அடையாள அட்டையைக் காட்டினதும் அவன் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடமை உணர்ச்சி நல்லதுதான், அதற்காக இப்படியா.

நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லமாட்டேன், எப்போதாவது சாப்பிடு.

சித்தி


ஏப்ரல் 9

அன்புள்ள சித்திக்கு,

சளி பிடித்து விட்டது, மற்றபடி சுகம். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். தாடி சிரித்த சிரிப்பில் கீழே சாவிக்கடைக்காரர் மேலே வந்து பார்த்தார். "இனிமே இவங்கதான் நம்ம சோதனை அதிகாரி" என்று தாடி சொல்லிவிட்டான். ஓநாயைச் சரிசெய்து புது கார்டு அனுப்பியிருக்கிறேன்.

இனி வருவதை இலைமறை காய்மறையாகச் சொல்கிறேன். டிராகன் யாரையும் தின்பதில்லை, அதற்குப் பல்வலி. காட்டுச் சூனியக்காரி ஆஸ்பத்திரி நடத்துகிறாள், ஆனால் டோக்கன் இல்லாமல் பார்க்கமாட்டாள். கோபுரத்து இளவரசி வீரனைக் கண்டதும் "வாடகைக்கு இருக்கேன், நீங்க யாரு?" என்பாள். கதைகளில் யாருக்கு என்ன வேஷமோ அதைக் கழற்றி வேறு மாட்டியிருக்கிறோம்.

கடைசி அரண்மனையில் மட்டும் ஒரு நிஜமான கெட்டவள். மாற்றாந்தாய் ராணி. அடுப்படியில் சாம்பல் அள்ளும் பெண்ணை அவளிடமிருந்து மீட்க வேண்டும். எல்லாரையும் நல்லவர்களாக்கிவிட்டால் எதிர்த்துச் சண்டை போட ஆளே இருக்காது என்றான் தாடி. எனக்கும் சரியென்று பட்டது. வசனம் எழுதும்போது கை நிற்கவே இல்லை. ராணி வரும்போது தாடி போட்டிருக்கிற முழியைப் பார், பயந்துவிடுவாய்.

அப்பா கூழை எளிதாக்கச் சொல்கிறாரா என்று கேள். செய்யமாட்டேன்.

மூக்கு ஒழுக,
வாலு


மே 4

அன்புள்ள வாலுக்கு,

சளிக்கு ஆவி பிடித்தாயா? பிடித்திருக்கமாட்டாய். மருந்து வாங்கித் தரத் தாடியிடம் சொல், இல்லாவிட்டால் நான் அவனுக்கு எழுதவேண்டியிருக்கும்.

டிராகனின் பல்லைப் பிடுங்கிவிட்டேன். ஒரே பல்லுக்கு மூன்று மலை ஏறி இறங்க வைத்தாயே, பாவி. பல் போனதும் அது "இனிமே நானும் வாயை மூடிட்டுத் தூங்கலாம்" என்றது. உன் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். சூனியக்காரி ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் என்னைத் தாண்டிப் போய்விட்டது, மறுபடி வரிசையில் நின்றேன். நிஜ ஆஸ்பத்திரி தோற்றது.

கோபுரத்து இளவரசியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் அப்படியே இருப்பாள். கூட வந்த அண்ணனைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டு, "நான் கத்துக்கறேன், நீ போய் உக்காரு" என்றாள்.

அரண்மனை வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். உள்ளே இன்னும் போகவில்லை. கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன், எழுத்து கொஞ்சம் மங்குகிறது.

வீட்டில் எல்லாம் நலம். மாடிக் குழாயை மாற்றினோம்.

சித்தி


மே 30

அன்புள்ள சித்திக்கு,

சளி போய்விட்டது, ஆவி பிடித்தேன், தாடி சாட்சி. நீ கண்ணாடி மாற்றினாயா?

ஒரு நல்ல செய்தி. ஆட்டத்தை வெளியிட ஒருவர் முன்வந்திருக்கிறார். குளிர்காலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அவருக்கு ரொம்பப் பிடித்தது கடைசிச் சண்டைதான். விளம்பரப் படத்தில் முதலில் வருவதே ராணியின் முகம். இது ஓடினால் நாங்கள் அடுத்ததைச் செய்யலாம். ஓடாவிட்டால் தாடி அவன் மாமா அச்சகத்துக்கும் நான் பழையபடி வங்கி மென்பொருளுக்கும் போகவேண்டியதுதான்.

அதனால் அரண்மனையை முடித்துவிட்டு உடனே எழுது. அங்கே ஏதாவது சிக்கிக்கொள்கிறதா? ராணி ரொம்பப் பலமா? அடிக்க வாள் போதாவிட்டால் கிணற்றடியில் ஒரு கோடாலி இருக்கிறது, எடுத்துக்கொள்.

முழங்காலுக்கும் வாளுக்கும் என் விசாரிப்பு.

வாலு


ஜூலை 3

வாலுக்கு,

நலம். வெளியீட்டுக்காரர் கிடைத்தது சந்தோஷம். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

வேலை அதிகம். வண்டி கற்றுக்கொள்ள நிறையப் பேர் வருகிறார்கள். ஒருத்தன் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து என்னை முன்கண்ணாடி வரைக்கும் கொண்டுபோனான்.

அரண்மனையில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. ராணியும் நன்றாக வேலை செய்கிறாள். நீ இருக்கிறபடியே கொடுத்துவிடு. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தி


ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். அங்கே மழையா?

சித்தியின் கடைசிக் கடிதம் அரைப் பக்கம்தான். அதில் ஒரு திட்டுகூட இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லையா? போனில் கேட்டால் "எனக்கென்ன" என்கிறாள். மறைக்காமல் எழுதுங்கள். அவளிடம் காட்டாதீர்கள்.

வாலு


ஜூலை 27

அன்புள்ள மகளுக்கு,

மழை இல்லை. சித்திக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் தினமும் வேலை முடிந்து வந்ததும் அந்த ஆட்டத்தைப் போடுகிறாள். அரண்மனைக்குப் போகிறாள். ராணி வருவாள். கீழே நாலு பொத்தான் இருக்கிறது அல்லவா, அடி, தடு, பை, ஓடு என்று. உன் சித்தி அடிப்பதே இல்லை. பையைத் திறந்து பச்சிலை மருந்தை எடுத்து ராணிக்குக் கொடுக்கிறாள். ராணிக்குத் தெம்பு ஏறுகிறது. ராணி அந்தத் தெம்பில் இவளை அடிக்கிறாள். இவள் மறுபடியும் மருந்து கொடுக்கிறாள். மருந்து தீர்ந்ததும் செத்துப்போகிறாள். அப்புறம் காட்டுக்குப் போய் மறுபடி பச்சிலை பறித்துக்கொண்டு வருகிறாள்.

நானே ஒருநாள் கேட்டேன், "ஏம்மா, ஒரே போடு போட்டா முடிஞ்சிடுமே, கோடாலிகூட இருக்கே" என்று. "அடிக்க மனசு வரல, அவளை எனக்குத் தெரியும்" என்றாள். பிரிட்ஜில் சத்தம் வந்தால் எங்கே என்று சொல்லிவிடுவேன், இது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் சரிசெய்.

நான் கூழைத் தாண்டிவிட்டேன்.

அப்பா


ஆகஸ்ட் 7

அன்புள்ள சித்திக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. உன் நலம் எப்படி என்று அப்பா எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே, நான்தான் கேட்டேன்.

பையில் இருக்கிற மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று கேட்கும் இடத்தில் எதிராளியின் பெயரை நீக்காமல் விட்டது என் கவனக்குறைவு. யார் போய் எதிரிக்கு மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் தொடமாட்டார்கள் என்று விட்ட ஓட்டைக்குள் நீ தினமும் நுழைந்துகொண்டிருக்கிறாய்.

கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சித்தி, நிஜமாகச் சொல்கிறேன், அந்த ராணியை எழுதும்போது ஒரு தடவைகூட உன் முகம் எனக்கு வரவில்லை. அது கதையில் வருகிறவள். நீ சித்தி. இரண்டும் ஒரே உறவு என்று இருபத்தைந்து வருஷத்தில் எனக்கு உறைத்ததே இல்லை. முதலில் அதை நினைத்துப் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் வெட்கமாக இருந்தது. ஓநாய்க்குக்கூட ஒரு நியாயம் வைத்தேன். டிராகனுக்குப் பல்வலி வைத்தேன். அவளுக்கு மட்டும் முழியை வைத்துவிட்டு, கை நிற்காமல் எழுதினேன் என்று உனக்கே எழுதியிருக்கிறேன். நீ அதைப் படித்துவிட்டு எனக்குச் சளி மருந்து வாங்கச் சொன்னாய்.

அவளை நல்லவளாக மாற்றிவிடுகிறேன். தாடியிடம் பேசிவிட்டேன். விளம்பரம் போனால் போகட்டும்.

நீ என்மேல் கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. அரைப் பக்கம் மட்டும் எழுதாதே.

வாலு


ஆகஸ்ட் 29

அன்புள்ள வாலுக்கு,

கோபம் இல்லை. இருந்திருந்தால் மெமரி கார்டு இந்நேரம் குழாயடியில் கிடந்திருக்கும். நல்ல சமயத்தில் நந்தி மாதிரி குறுக்கே நிற்க வேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் வேலை கெடக்கூடாது. உன் அப்பா வாயில் எதுவும் நிற்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் விஷயம். அவளை நல்லவளாக மாற்றாதே. எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி இருக்கும், ஆட்டமும் சப்பென்று போகும். அவள் அந்தப் பெண்ணைச் சாம்பல் அள்ள விட்டது தப்பு, தப்பாகவே இருக்கட்டும். ஆனால் அந்த அரண்மனையில் எல்லாரும் ராணிக்குப் பயப்படுகிறார்கள், ராணி யாருக்குப் பயப்படுகிறாள் என்று நீ கேட்கவே இல்லையே. நான் சொல்கிறேன். அந்தச் சின்னப் பெண்ணுக்குத்தான்.

எனக்கு அப்படித்தான் இருந்தது. தெருவில் லாரி குறுக்கே வந்தாலும் பதறமாட்டேன், ஏழு வயசுப் பெண் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தால் எந்தக் கரண்டியை எங்கே வைத்தேன் என்றே மறந்துபோகும். நீ அடம் பிடித்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். நீ மரியாதையாக இருந்தாய். இரண்டு வருஷம் என்னை "நீங்க" என்றே சொன்னாய். "சித்தி, நீங்க போங்க, நானே தலை சீவிக்கறேன்." விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. தப்பு ஒன்றுமில்லை, யாரிடமும் புகார் சொல்லவும் முடியாது.

அப்புறம் ஒரு நாள் ஸ்கூல் வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. உனக்கு ஒரு செருப்பைக் காணோம். வீடே அதிரக் கத்தினாய். "சித்தி, என் இன்னொரு செருப்பை எங்க வச்சே?" என்று. வச்சே என்றாய். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாய். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டுக்காரி ஆனேன். உனக்கு இது ஞாபகம் இருக்காது.

அந்த ராணிக்கு யாரும் இன்னும் அப்படிக் கத்தவில்லை. அதனால்தான் அடிக்க மனசு வரவில்லை. வேறு ஒரு பொத்தான் இருந்தால் வை. இல்லாவிட்டால் பரவாயில்லை, நான் மருந்து கொடுத்துக்கொள்கிறேன்.

இந்த முறை அரைப் பக்கம் இல்லை. எண்ணிப் பார்த்துக்கொள்.

சித்தி


அக்டோபர் 24

அன்புள்ள சித்திக்கு,

நான் சுகம், கண் மட்டும் எரிகிறது. நீ எழுதியதில் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஹாரன் சத்தம் மட்டும்தான். அது போதும் என்று வைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன்.

வெளியீட்டுக்காரர் முதலில் முகத்தைத் தொங்கப்போட்டார். சண்டைக்காகத்தானே வாங்கினேன், இப்போது சண்டையே இல்லை என்கிறீர்களே என்றார். நாள் தள்ளிப்போகும், குளிர்கால வருமானம் போனதுதான் என்றார். தாடி ஆட்டத்தைப் போட்டு அவர் கையில் கொடுத்தான். கடைசி வரைக்கும் விளையாடினார். அப்புறம் தன் வீட்டுக்குப் போன் செய்து யாரிடமோ "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். வசந்தகாலத்தில் வெளியிடலாம் என்றார்.

கார்டு இத்துடன். புதுப் பொத்தான் எதுவும் வைக்கவில்லை. நீ கண்டுபிடித்த ஓட்டையையே வாசலாக்கிவிட்டேன். போய்ப் பார்.

உன் வாலு


நவம்பர் 16

அன்புள்ள வாலுக்கு,

சுகத்துக்கு என்ன குறைச்சல். கண்ணுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவு. அப்பா நாலாவது பிரிட்ஜையும் மாட்டிவிட்டார்.

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து விளையாடினோம். ராணி வந்தாள். மருந்து கொடுத்தேன், அடித்தாள். மறுபடி கொடுத்தேன், மெதுவாக அடித்தாள். அப்புறம் கொடுத்தபோது கையை இறக்கி, "எதுக்கு?" என்று கேட்டாள். உன் அப்பா "பதில் சொல்லு, பதில் சொல்லு" என்று என்னை இடித்தார். பதில் சொல்லப் பொத்தான் இல்லை. நான் இன்னொரு பச்சிலையைக் கொடுத்தேன். ராணி சிம்மாசனத்தை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். தாடி வரைந்த அந்த முழி அப்போதுதான் பயந்த முழி என்று தெரிந்தது. அவனுக்கு என் பாராட்டு.

அப்போது அடுப்படிக்குள்ளிருந்து அந்தப் பெண் வீடு அதிரக் கத்துகிறாள், "என் இன்னொரு செருப்பை எங்க வச்சே?" என்று. அலமாரி இளவரசன் ஊர் முழுக்க அந்த ஒற்றைச் செருப்பைத் தேடி அலைகிறான், அது ராணியின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று அவனுக்கு யார் சொல்வது. இவ்வளவு நாளும் தரையை மிதித்துக்கொண்டிருந்த என் கால் அந்த இடத்தில் அசையவே இல்லை. நான் அழுதேன். அதை எழுதாமல் விட்டால் உன் அப்பா எழுதிவிடுவார்.

இனி என் வேலைக்கு வருகிறேன். ஒரு தப்பு இருக்கிறது. கடைசியில் அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பி, "போயிட்டு வரேன், அம்மா" என்கிறாள். நீ எனக்காகத்தான் எழுதியிருக்கிறாய், புரிகிறது. ஆனால் அது வேண்டாம். அம்மா என்று ஒருத்தி இருந்தாள். அந்தப் பெயர் அவளுடையது, அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்னொரு பெயரை நீயும் நானும் சேர்ந்து, ஒவ்வொரு நாளாகக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தோம். அதைப் போய் யாராவது விட்டுக்கொடுப்பார்களா. அந்தப் பெண்ணையும் அப்படியே கூப்பிடச் சொல்.

மற்றதெல்லாம் சரி. வண்டியை எடுக்கலாம்.

உன் சித்தி


நவம்பர் 30

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம், ராணியும்தான்.

மாற்றிவிட்டேன். ஏன் என்று தாடி கேட்டான். "எங்க வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவோம்" என்றேன்.

டிசம்பரில் வருகிறேன். என் இன்னொரு செருப்பு இங்கே இல்லை, போன தடவை அங்கேதான் எங்கேயோ விட்டிருக்கிறேன். எங்க வச்சே?

வாலு